என்னை நம்பாதீங்க

தேர்வு நாட்களில் வினாத்தாள் கட்டை வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு நடப்பார்கள். எங்கள் கல்லூரியில் மேடம் கொடுக்கிற கட்டை மட்டும் அப்படி எடுத்துக்கொண்டு போக முடியாது. "என்னை நம்பாதீங்க. முத்திரையைப் பாருங்க" என்பார். அரக்கு உடையாமல் இருக்கிறதா, முடிச்சு மாறாமல் இருக்கிறதா என்று நாம் குனிந்து பார்க்கிற வரைக்கும் கட்டின் மேலிருந்து கையை எடுக்கமாட்டார். மணி அடித்துவிட்டாலும் சரி, முதல்வர் வராந்தாவில் நின்று முறைத்தாலும் சரி.

லேப் சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும் அதே பேச்சுத்தான். "என்னை நம்பாதீங்க. பூட்டை ஒருக்கா இழுத்துப் பாருங்க." மதிப்பெண் பட்டியல் கொடுத்தால், கூட்டிப் பார்க்கச் சொல்வார். ஆபீஸ் கிளார்க் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்னிடம் வந்து, இந்தம்மா நம்மையெல்லாம் திருடர்கள் என்று நினைக்கிறதா என்று கேட்டார். அப்படி நினைத்திருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்போம். அவர் தன்னைத் திருடியாக வைத்துக்கொள்ளச் சொல்லி எங்களைக் கெஞ்சினார். அதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

திருப்பூருக்கும் அவினாசிக்கும் நடுவில் சோளக்காட்டை நிரவி, ஒரு பனியன் கம்பெனி முதலாளி கட்டிய பொறியியல் கல்லூரி அது. முதலாளியைக் கல்லூரியில் சேர்மன் என்போம். நான் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளன், டிப்ளமோக்காரன். வயர் இழுப்பேன், வைரஸ் துடைப்பேன், சில்லறை புரோகிராம்கள் எழுதுவேன். அவர் பேராசிரியர். நாற்பதைத் தாண்டியவர், தனியாள். வடக்கே பெரிய இடத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே வேலை கிடைக்கிற சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஊத்துக்குளிக்குத் திரும்பி வந்தவர். தினமும் ரயிலில் வந்து பஸ் மாறி எட்டரைக்கெல்லாம் கல்லூரியில் இருப்பார். எல்லோருக்கும் அவர் மேடம். இன்றைக்கும் எனக்கு வேறு பெயர் வாயில் வராது.

அவருடைய ஆராய்ச்சி கிரிப்டோகிராஃபி, அதாவது செய்தியைப் பூட்டி அனுப்புகிற கணக்கு. அதிலும் கம்ப்யூட்டரில் ஓட்டுப் போடுகிற முறை. நான் போட்ட ஓட்டு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். யாருக்குப் போட்டேன் என்பது வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரியக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிறவை. அவற்றை ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் அவருடைய பதினைந்து வருட வேலை. எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டுக்குப் போகும், அச்சாகி வரும், அலமாரியில் உட்காரும். எங்கள் கல்லூரியில் அதைப் படித்தவர் யாரும் இல்லை. பாதிப் பக்கம் கிரேக்க எழுத்தாக இருக்கும்.

தேர்தல் வந்தால் மட்டும் அவருக்குக் கொஞ்சம் மவுசு. அவரவர் கட்சியின் கவலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மேடம், மிஷினில் தில்லுமுல்லு பண்ண முடியுமா, முடியாதா என்று கேட்பார்கள். "முடியும்னாலும் முடியாதுன்னாலும் நான் சொல்றதை நீங்க நம்பப் போறீங்க. அதைத்தானுங்க நான் வேண்டாங்கறது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். கேட்டவர் ஏமாந்த முகத்தோடு திரும்புவார்.

வகுப்பில் முதல் பாடம் குடவோலை. சோழர் காலத்தில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அதை எடுக்க எழுத்து அறியாத சிறுபிள்ளையை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்பார். பசங்கள் விழிப்பார்கள். அந்தப் பிள்ளையை நம்பியதால் இல்லை, அது ஏமாற்ற நினைத்தாலும் முடியாது என்பதால் என்று அவரே சொல்லிவிட்டு, பலகை பக்கம் திரும்பிக்கொள்வார். அப்போது அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி இருக்கும். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆட்களோடு அவருக்கு ஏதோ ஒட்டுறவு இருந்த மாதிரி.

ஒரு தடவை எங்கள் துறை ஆசிரியர்கள் சுற்றுலா போக வேண்டும். ஊட்டியா, கொடைக்கானலா? துறைத்தலைவர் எப்போதும் கை தூக்கச் சொல்வார். எல்லோரும் அவர் கை எந்த ஊருக்கு எழுகிறது என்று பார்த்துவிட்டுத் தூக்குவோம். அந்த வருடம் மேடம் வீட்டிலிருந்து கொள்ளும் தட்டைப்பயறும் ஒரு துணிப்பையும் கொண்டுவந்தார். ஆளுக்கு ஊட்டிக்கு ஒரு கொள்ளு, கொடைக்கானலுக்கு ஒரு பயறு. மூடிய கையைப் பைக்குள் விட்டு ஒன்றைப் போட வேண்டும். மிச்சத்தை இன்னொரு பைக்குள் அதே மாதிரி. எல்லோரும் சிரித்துக்கொண்டே போட்டோம். பையைக் கொட்டினால் துறைத்தலைவர் சொன்ன ஊட்டிக்கு இரண்டே கொள்ளு. அதில் ஒன்று அவருடையது. மற்றொன்று யாருடையது என்று ஒரு மாதம் துருவினார். அதைவிடவும், பயறு போட்ட பதினோரு பேர் யார் யார் என்று துருவினார். கண்டுபிடிக்க முடியவில்லை. மேடத்துக்கு அந்த வருட இன்கிரிமென்ட் நின்றது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "பாத்தீங்களா, யாரும் மாட்டலைங்க" என்றார் என்னிடம்.

அவருடைய முறையை எனக்கு விளக்கினது பனியன் பாஷையில்தான். கட்டிங்கில் துணியை வெட்டியதும் துண்டுக்குத் துண்டு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஒரே ரோல் துணியிலிருந்து வந்தால்தான் நிறம் ஒத்துப்போகும். தைத்து முடிந்த பிறகு, ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் பேக்கிங்குக்கு அனுப்ப வேண்டும். "ஓட்டும் அப்படித்தானுங்க. விழற வரைக்கும் ஸ்டிக்கர் இருக்கோணும், அந்த ஆளுக்கு ஓட்டு இருக்குதான்னு பாக்கறதுக்கு. விழுந்ததுக்கு அப்புறம் உரிச்சுப் போட்டுக் கலைச்சிரோணும். எந்தத் துண்டு எந்த ரோல்னு கடவுள் வந்து கேட்டாலும் சொல்ல முடியக்கூடாது." எனக்கு அன்றைக்கே நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஒரு வருடம், ஐரோப்பாவில் பனியன் வாங்குகிற பையர் ஒருவன் சேர்மனுடைய கம்பெனிக்குப் புது நிபந்தனை போட்டான். தொழிலாளர் கமிட்டி வேண்டும். அதை ரகசிய ஓட்டில் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை ஆடிட்டில் காட்ட வேண்டும். சேர்மனுக்கு மேடத்தின் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரில் ஓட்டு என்றால் வெள்ளைக்காரன் அசந்துபோவான் என்று கணக்குப் போட்டார். மேடத்தையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். மேடம் ஒவ்வொரு நிபந்தனையாகச் சொன்னார். மிஷின் யார் கையில் இருக்கும், எண்ணும்போது யார் நிற்பார்கள், மறைப்புத் துணி எவ்வளவு உயரம். எல்லாவற்றுக்கும் சேர்மன் "ஆகட்டுங்க" என்றார். கேட்டதெல்லாம் கிடைத்தபோதே எங்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது கல்லூரி வேனில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினஞ்சு வருஷமா எழுதறனுங்க. இன்ன வரைக்கும் என்ர முறையில ஒரு மனுசர்கூட ஓட்டுப் போட்டதில்லீங்க."

புரோகிராமின் கடினமான பகுதியை அவர் எழுதினார். திரையில் படம் வருவது, அழுத்தினால் பதிவாவது, சீட்டு அச்சாவது இதெல்லாம் நான். என்னிடம் அவர் வற்புறுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று. ஓட்டு விழுந்த வரிசையை எங்கேயும் சேமிக்கக்கூடாது. எத்தனாவது ஆள், எத்தனை மணி, எதுவும் கூடாது. அதை ஒரு தாளில் எழுதி என் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்தார்.

கம்பெனியில் டெய்லரிங் பிரிவில்தான் உண்மையான போட்டி. இருநூற்றுச் சொச்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். ஆபீஸ் கைகாட்டிய ஒரு சூப்பர்வைசர் நின்றார். எதிரே பேச்சியம்மாள் நின்றார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர், முப்பது வயதிருக்கும். அவர் கேட்டது ஒரே விஷயம். ஒரு தையல் லைனுக்கு நாற்பது பேர். கழிவறைக்குப் போக ஒரே ஒரு மரக்கட்டை. அதுதான் பாஸ். போனவர் கட்டையோடு திரும்பி வந்தால்தான் அடுத்தவர் எழுந்திருக்கலாம். தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்துப் பழகிவிட்ட பெண்கள் அங்கே நிறைய. அந்தக் கட்டையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் பேச்சியம்மாளின் மொத்தத் தேர்தல் அறிக்கை. அவருடைய சின்னம் கத்தரிக்கோல்.

தேர்தலுக்கு முந்தின நாள், கேன்டீனில் மேடம் பெண்களுக்கு முறையை விளக்கினார். ஓட்டுப் போட்டதும் ஒரு எண் அச்சான சீட்டு வரும். மறுநாள் பலகையில் எல்லா எண்களும் கலைந்து ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் எண் இருந்தால் உங்கள் ஓட்டு சேர்ந்துவிட்டது. யாருக்கு என்று அதிலிருந்து தெரியாது. ஸ்டிக்கர் கதையையும் சொன்னார். பெண்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்கள். சாப்பாட்டு மணி முடியப் போகிற நேரத்தில் பேச்சியம்மாள் எழுந்தார்.

"யம்மா, அந்த நம்பரு வெவகாரமெல்லாம் எங்களுக்கு வெளங்காது. படிக்காத சனம். ஒத்த வார்த்த சொல்லுங்க. நாங்க யாருக்குப் போட்டோம்னு ஆபீஸுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இருநூறு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. வாசலில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"தெரியாதுங்க" என்றார் மேடம். பிறகு, "என்னை நம்புங்க" என்றார்.

ஏழு வருடம் பக்கத்தில் இருந்தவன் நான். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்பு கேட்டதில்லை. பெண்களின் முகம் தெளிந்தது. கை கழுவப் போனார்கள். மேடம் மட்டும் கொஞ்சநேரம் அதே இடத்தில் நின்றார். பிறகு என்னிடம் வந்து, தப்பான வார்த்தையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்காகவாவது ஒவ்வொரு லைனாகப் போய் இன்னொரு தரம் விளக்கிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் ஒத்திகை பார்த்தேன். ஐம்பது பொய் ஓட்டுகளைப் போட்டு முடிக்கும்போது கரன்ட் போனது. யு.பி.எஸ். கூவிவிட்டுச் செத்தது. மறுபடி போட்டுப் பார்த்தால் ஒரு ஓட்டும் இல்லை. ஹெச்.ஆர். மேனேஜர் பின்னால் நின்றிருந்தார். "ஏனுங்க, நாளைக்கும் இப்படித்தானுங்களா? பையர் முன்னால மானம் போயிருமுங்களே" என்றார். அவர் சிரிக்கக்கூட இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

உட்கார்ந்து பதினோரு வரி எழுதினேன். ஒவ்வொரு ஓட்டும் விழுந்த நொடியில் நேரத்தோடு ஒரு ஃபைலில் பதியும். கரன்ட் போனாலும் அதிலிருந்து மீட்டுவிடலாம். தேர்தல் முடிந்ததும் அழித்துவிட்டால் போயிற்று. மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

மறுநாள் கேன்டீனில் வெட்டு மிச்சத் துணியில் மறைப்பு தைத்துக் கட்டியிருந்தோம். ஒவ்வொருவராக உள்ளே போய், படத்தை அழுத்தி, சீட்டை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்கள். வாசலில் அட்டென்டன்ஸ் கார்டைத் தேய்த்துவிட்டு லைனுக்குத் திரும்ப வேண்டும். அது எதற்கு என்று மேடம் கேட்டார். எந்த மிஷினில் எத்தனை நிமிஷம் ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் என்றார் மேனேஜர். மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். கார்டு சொல்வது யார் வந்தார் என்பதை மட்டும். ஓட்டு வரிசைதான் எங்கேயும் இல்லையே. விட்டுவிட்டார்.

பதினொன்றரைக்கு கரன்ட் போனது. நாலே நிமிடத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன். மேனேஜர் என் முதுகில் தட்டினார். மேடம் என் பக்கத்தில் வந்து, எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டார். பேக்கப் இருந்ததுங்க என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் வரிசை நெருக்கியது. ஒரு பெண்ணுக்குச் சீட்டு வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்விட்டார். அன்றைக்கு அவர் என்னைச் சரிபார்க்கவில்லை. அத்தனை வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

சூப்பர்வைசர் ஜெயித்தார். பேச்சியம்மாளுக்கு முப்பத்தேழு ஓட்டு. மறுநாள் பலகையில் எண்கள் ஒட்டியபோது பெண்கள் சீட்டை வைத்துக்கொண்டு விரலால் தேடினார்கள். கிடைத்தவர்கள் பக்கத்திலிருந்தவரை இடித்துக் காட்டினார்கள். தோற்ற பேச்சியம்மாளுக்கும் தன் எண் கிடைத்ததில் முகம் மலர்ந்தது. மேடம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அதுதான் கடைசி.

அன்று மத்தியானமே ஹெச்.ஆர். மேனேஜரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஆடிட்டுக்குக் காட்டோணுமுங்க. அந்த எலக்சன் ஃபோல்டரை அப்படியே ஒரு சிடியில போட்டுக் குடுத்து உட்டுருங்க." எங்கள் ஊரில் கழுத்தை நெரிப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்பார்கள். நான் ஃபோல்டரை அப்படியே சிடியில் போட்டுக் கொடுத்தேன். அழிக்க வேண்டும் என்று நினைத்திருந்த ஃபைல் அதற்குள் இருந்தது. அதிலிருந்த நேரத்தையும் கார்டு தேய்த்த நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். மறந்துவிட்டேன். மறந்தேன் என்பது உண்மைதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால் அதன் மேல் எனக்கே இப்போது அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இரண்டு வாரத்தில் ஆட்குறைப்பு ஆரம்பமானது. அமெரிக்க ஆர்டர் குறைந்த சமயம். காரணம் கையிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு நாலு பேர், அஞ்சு பேர். மெமோ இல்லை, சண்டை இல்லை. கேட்டில் கார்டைத் தேய்க்கும்போது வாட்ச்மேன், "நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்பார். வேறு கம்பெனிக்குப் போனால் அங்கேயும் பெயரைக் கேட்டுவிட்டு ஆள் தேவையில்லை என்றார்கள். சில குடும்பங்கள் கொண்டுவந்த மூட்டையோடே தெற்கே பஸ் ஏறின.

ஒருநாள் பேச்சியம்மாள் கல்லூரி கேட்டுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. மேடம் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. நிறுத்தப்பட்டவர்களின் பெயர்களைப் பேச்சியம்மாள் அதில் வரிசையாக எழுதியிருந்தார். கடைசிப் பெயர் பேச்சியம்மாளுடையது. மொத்தம் முப்பத்தேழு.

மேடம் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து லேபுக்கு வந்தார். பசங்கள் யாரும் இல்லை. நோட்டை என் மேஜை மேல் வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. வரிசையை எங்கயாச்சும் வெச்சிருந்தீங்களா?"

எனக்கு அப்போதுதான் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தேன். இதையெல்லாம் அந்த நொடியில் நினைத்தேன் என்று சொன்னால் பொய். வாய் தானாகத் திறந்தது.

"இல்லீங்க மேடம்."

"சரீங்க" என்றார். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் கதவைத் தாழிட்டு ஃபைலை அழிக்கப் போனேன். எந்த ஃபைலைக் கடைசியாக எப்போது, எந்த அறையிலிருந்து திறந்தார்கள் என்று லேப் சர்வர் குறித்து வைத்திருக்கும். பார்த்தேன். அது திறக்கப்பட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவருடைய அறையிலிருந்து. தெரிந்துகொண்டுதான் வந்து கேட்டிருக்கிறார். நான் சொல்வதற்கு ஒரு வழி வைத்துக் கேட்டிருக்கிறார். ஓடிப் போய்க் காலில் விழுந்திருக்கலாம். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம், கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவருடைய கையெழுத்து. 'நான் செய்த முறையில் பிழை இருந்தது. அதனால் உங்கள் ஓட்டு வெளியே தெரிந்துவிட்டது. நம்புங்கள் என்று சொன்னது நான். பொறுப்பும் நான்.' கீழே முழுப் பெயர், படிப்பு, ஊத்துக்குளி விலாசம். ஒட்டிவிட்டு அவர் ஓடவில்லை. தாளுக்குப் பக்கத்தில் நின்றார். ஷிப்ட் விட்டது. வேலை போனவர்களும் சேதி கேட்டு வந்திருந்தார்கள். நான் சாலைக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. கைகள் நீளுவது தெரிந்தது. ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றியது தெரிந்தது. பேச்சியம்மாள் அவர் முகத்துக்கு நேரே நின்று ஏதோ கேட்டதும், அவர் இல்லை என்று தலையை ஆட்டியதும் தெரிந்தது. திரும்பவும் கேட்டார், திரும்பவும் ஆட்டினார். என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அந்த வாரமே கல்லூரி ஆபீஸிலிருந்து கிளார்க் வந்து, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க மேடம் என்றார். அவர் லேப் சாவியை என் கையில் வைத்தார். வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. நானே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

வெளிநாட்டில் ஒரு மாநாட்டில் இந்தத் தேர்தலைப் பற்றி அவர் கட்டுரை வாசிக்க இருந்தார். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எழுதவில்லை. ஊத்துக்குளியில் வீட்டிலேயே பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். எனக்கு சிஸ்டம்ஸ் மேனேஜர் என்று பதவி வந்தது. அவருடைய அறையையே கொடுத்தார்கள்.

ஒரே ஒரு தரம் ஈரோடு பாசஞ்சரில் பார்த்தேன். எதிர் சீட். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். எப்படியாவது ஆரம்பித்துவிட வேண்டும் என்று, "மேடம், அன்னைக்கு லேப்ல நான்..." என்று வாயெடுத்தேன். "லேப்ல ஏசி ரிப்பேர் பண்ணீட்டாங்களா?" என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன். ஊத்துக்குளியில் இறங்கும்போது, வர்றனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை மன்னித்துத்தான் பேச விடவில்லையா, மன்னிக்கக்கூடாது என்று பேச விடவில்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு மாசி மாதம் இறந்துபோனார். அப்பாவும் போய்விட்ட வீட்டில், பாத்ரூமில் விழுந்து கிடந்தாராம். டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் வெகுநேரம் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். பால் ஊற்றுகிறவர் மறுநாள் பார்த்திருக்கிறார். காரியத்துக்குக் கல்லூரியிலிருந்து நான் ஒருவன் மட்டும் போனேன். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

அதனால்தான் பேச்சியம்மாளைத் தேடினேன். மங்கலம் ரோட்டில் ஒரு பவர் டேபிள் யூனிட்டில், பத்து மிஷின் போட்ட தகரக் கொட்டகையில், கூலிக்கு ஜாப் வொர்க் தைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "காலேஜு சாருதான?" என்று மிஷினை நிறுத்தினார். மேடம் இறந்த சேதியைச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியிலிருந்து இழுத்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, ஓட்டு வரிசையைக் குறித்து வைத்தது நான்தான் என்றேன். சிடியில் போட்டுக் கொடுத்ததும் நான்தான் என்றேன். கேட்டபோது இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன்.

பேச்சியம்மாள் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

"அன்னைக்கு பேக்கரி வாசல்ல வச்சுக் கேட்டோம், சார்" என்றார். "ஒங்களுக்குத் தெரியாம எவனோ பண்ணியிருக்கான், அவன் பேரச் சொல்லுங்க, ஒங்கள விட்டுருதோம்னு கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன். மாட்டேன்னுட்டாக. ஒரு ரகசியத்தக் காப்பாத்த வக்கில்லாத பொம்பளன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். கேட்டுட்டு நின்னாக."

கையிலிருந்த துணியை மடித்து மிஷின் மேல் வைத்தார்.

"எங்க முப்பத்தேழு பேரு ரகசியத்த அவுகளால காப்பாத்த முடியல. ஒங்க ஒருத்தரு ரகசியத்தக் காப்பாத்திட்டாகளே, சார். ஏன் இப்ப வந்து ஒடைக்கீக?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய துண்டுகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. ஒரு துண்டை எடுத்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, ஊசிக்கடியில் வைத்து மிதித்தார்.